‘நல்லாருக்கு’ என்று எழுதக் கூடாது

ஜூன் 3

என் வீட்டுக்காரிக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. கை என்னுடையது, பேனாவும் என்னுடையது. இந்த மூன்று வரிக்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன்.

ஜனவரியில் நீ ஜீப்பில் ஏறிப் போன நான்காம் நாள், நூலக மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். பதினொரு பேர் படிக்கிறோம். என் பெஞ்சில் ஒரு பால்காரர். ‘அண்ணே, உங்க எழுத்து பாலிஷ் போட்ட மாதிரி வழுவழுன்னு இருக்கு’ என்கிறார். நாற்காலி மேசைக்கு நாற்பது வருஷம் பாலிஷ் போட்டவன் அல்லவா? துணியை வட்டம் வட்டமாக ஓட்டிய கை. வட்டமான எழுத்தெல்லாம் ஓடி வந்துவிட்டது. நேர்கோடுதான் தகராறு செய்கிறது.

எழுதத் தெரிந்ததும் முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். பால்காரர் தன் எருமைக்கு எழுதினார்.

கிளம்பும்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ‘நாப்பத்தோரு வருஷமா அதே பருப்புக் கஞ்சி, அதே சுட்ட வெங்காயம். அது நாக்கா, செருப்புத் தோலா? ஒரு வருஷம் கழிச்சு வருவியான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.’ நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அன்றைக்கு நீ ஆசையாகச் செய்த காட்டுக் காளானை ஒரு வாய்கூட வைக்காமல் தட்டை நகர்த்தினேனே, அது தப்பு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

இனி வாரம் ஒரு புதுத் தீனி சாப்பிடுவேன். கடைத்தெருக் கோடியில் ஒருவர் கடல் தாண்டி வந்த டப்பாக்களாக அடுக்கி வைத்திருக்கிறார். அவரை டப்பாக்காரர் என்றே கூப்பிடுகிறோம். முதல் வாரம் கடல்பாசி வாங்கினேன். கறுப்புக் காகிதம் மாதிரி இருக்கிறது. நாக்கில் வைத்ததும் ஒட்டிக்கொண்டது. பிறகு மெல்ல நனைந்து, உப்பாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயிற்று. யாரோ எழுதிய கடிதத்தைத் தின்றதுபோல் இருந்தது. நல்லாருக்கு.

நான்கு நாளாக எழுதிக் களைத்துப்போன,
உன் வீட்டுக்காரன்.


ஜூன் 14

வீட்டுக்காரருக்கு,

கடிதம் வியாழக்கிழமை ஜீப்பில் வந்தது. யாரை வைத்து எழுதினீர்கள்? நீங்கள் என்னிடம் சேர்ந்தாற்போல ஆறு வார்த்தை பேசியது கிடையாது. திடீரென்று ஒரு பக்கம் எப்படி வரும்? நூலகத்து டீச்சரம்மா எழுதியிருந்தால் அவர்களுக்கு என் வணக்கம். அழகான கையெழுத்து.

நீங்களே எழுதியதுதான் என்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள்: நம் சமையலறை ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக என்ன இருக்கிறது?

இந்தக் காட்டு முகாமில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வௌவால் எண்ணுகிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவி ஒரு வௌவால் அம்மா. அவர்களுக்குச் சமைக்க எனக்குத் தார்ப்பாய் போட்ட சமையலறை, மூன்று அடுப்பு. செல்போன் இங்கே கடிகாரம் மட்டும்தான்.

இப்படிக்கு,
நான்.


ஜூன் 25

என் வீட்டுக்காரிக்கு,

காலண்டர் அட்டை. நான்தான் ஒட்டினேன். ‘மழை வந்தா ஊறிடும்’ என்று நான்கு வருஷமாகத் திட்டுகிறாய். இந்த வாரம் மழை வந்தது. ஊறிவிட்டது. போதுமா?

எனக்கு ஏன் இத்தனை பேச்சு வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை. வாயால் பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறது. அது முகத்தைப் பார்க்கிறது. அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறது. எனக்குப் பதற்றமாகிவிடும். காகிதம் காத்திருப்பதே இல்லை. நான் தூங்கி எழுந்து வந்தாலும் விட்ட இடத்தில் அப்படியே கிடக்கிறது. இந்தக் காகிதத்தை எனக்கு யாரும் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருக்கக் கூடாதா?

இந்த வாரம் எறும்பு. சிரிக்காதே. சின்ன டப்பாவில் வறுத்த சிவப்பு எறும்பு. டப்பாக்காரர், ‘தாத்தா, இது மனுஷன் சாப்பிடறதுதான், பயப்படாதீங்க’ என்றார். ‘நீங்க சாப்பிட்டீங்களா?’ என்றேன். ‘நான் விக்கறவன் தாத்தா’ என்றார். ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். முதலில் சத்தம். காய்ந்த சருகில் யாரோ பொடிநடையாகப் போகிற மாதிரி. அப்புறம் புளிப்பு, ஊசி ஊசியாக. வாய்க்குள் வெயிலும் தூறலும் சேர்ந்து வந்தது. கடைசியில் ஒரு கால் மட்டும் பல்லிடுக்கில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது.

ஜெல்லிமீனும் சாப்பிட்டேன். அது கண்ணாடி மாதிரி தெரிகிறது. கடித்தால் ரப்பர் மாதிரி துள்ளுகிறது. சாப்பிட்டபின் மத்தியானம் தூங்கினேன். கனவில் நான் நம் கட்டிலோடு சேர்ந்து தண்ணீருக்குள் மிதந்து போகிறேன். எனக்கு எலும்பே இல்லை. உன் ஜீப் மேலே, வெகு உயரத்தில், படகு மாதிரி போகிறது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயமில்லை. சுகமாக இருந்தது.

எல்லாம் நல்லாருக்கு.

எறும்புக் காலோடு,
உன் வீட்டுக்காரன்.


ஜூலை 6

வீட்டுக்காரருக்கு,

சரி. நீங்கள்தான்.

எறும்பு விஷயத்தைச் சாப்பாட்டு வேளையில் படித்துக் காட்டினேன். இங்கே மரமேறி என்று ஒருத்தி இருக்கிறாள். வௌவால் தொங்கும் மரங்களில் ஏறிக் கருவி கட்டுவது அவள் வேலை. ‘அக்கா, அவர வறுத்தது சாப்பிட வேண்டாம்னு சொல்லு. கூட்டுலேர்ந்து அப்படியே நாக்குல விடணும்’ என்றாள். அவள்தான் எனக்குக் காட்டுச் சாமான்களைக் காட்டிக் கொடுக்கிறவள். நேற்று ஒரு கூடை நிறையச் சுருண்ட இளந்தளிர் கொண்டுவந்தாள். குழந்தை கையை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி ஒவ்வொன்றும். இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினால்தான் கசப்பு போகும். முந்தாநாள் தேனடை, உள்ளே வெள்ளைப் புழுக்களோடு. அதைச் சட்டியில் வாட்டினால் பால் காய்ச்சுகிற வாசனையும் பூ வாசனையும் கலந்து வருகிறது. அந்த வாசனைக்கே வௌவால் அம்மா கூடாரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்துவிட்டார்.

காலையில் பனி சமையலறைக்குள்ளேயே வந்து உட்காருகிறது. கரண்டியைத் தேடக் கையை நீட்டினால் கை முழங்கைவரை காணாமல் போய்விடுகிறது. நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்து, அடுப்பை ஊதுவேன். நெருப்பு தெரிந்ததும் நானும் தெரிவேன். அறுபது வயதில் இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் சத்தத்தை எழுதுகிறீர்கள், புளிப்பை எழுதுகிறீர்கள், ஒன்றின் வாசனையையும் எழுதவில்லையே. கடல்பாசி டப்பாவைத் திறந்தால் கடலே எழுந்து வருமாம். அப்படி வந்ததா? அடுத்த முறை அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பனியில் காணாமல் போனவள்.


ஜூலை 17

என் வீட்டுக்காரிக்கு,

வாசனையும் நல்லாருக்கு.

இந்த வாரம் ஒரு பெரிய கூத்து நடந்தது. டப்பாக்காரரிடம், டப்பா போதும், முழுசாக ஏதாவது கொடுங்கள் என்றேன். பின்கட்டுக்குப் போய், பலாப்பழத்துக்குத் தம்பி மாதிரி முள் வைத்த ஒரு பழம் கொண்டுவந்தார். துரியனாம். ஐந்து பைக்குள் போட்டு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டார். ‘கும்புடறேன், கடைக்குள்ள மட்டும் பிரிச்சிடாதீங்க’ என்றார். முள் பையைக் கிழித்துவிடும் என்று பயப்படுகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பேருந்தில் ஏறினேன். ஒரே கூட்டம். இரண்டு நிறுத்தம் போவதற்குள் என் பெஞ்சு காலி. முன் பெஞ்சும் காலி. வயதானவர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே என்று மனசு நிறைந்து போயிற்று. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பழத்தைப் பிளந்தேன். உள்ளே அறை அறையாக, மஞ்சள் தலையணை மாதிரி சுளைகள் படுத்துக்கிடந்தன. எழுப்பவே மனசு வரவில்லை. ஒன்றை எடுத்து வாயில் வைத்தால் வெண்ணெய்தான். பல்லுக்கு வேலையே இல்லை. தானாக உருண்டு, தானாகக் கரைந்து, இனிப்பு தொண்டைவரை போர்வை மாதிரி இழுத்து மூடிக்கொண்டது. மூன்றாவது சுளையில் கண் சொக்கிவிட்டது.

அப்போது கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். மாடி வீட்டு அம்மா. கூடவே கேஸ் கம்பெனி ஆள். ‘ஐயா, உங்க வீட்ல கேஸ் ஒழுகுது. தெருவே நாறுது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க!’ என்று அந்த அம்மா ஒரே கத்தல். ஆள் மண்டியிட்டுக் குழாயைக் கழற்றினான், அடுப்பைக் கவிழ்த்தான், சோப்பு நுரை போட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பாவம் உழைக்கிறானே என்று நான் தட்டில் ஒரு சுளை வைத்து நீட்டினேன். ‘தாத்தா, இதுதானா!’ என்று சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன்தான், ஸ்பேனரைக்கூட எடுக்க வரவில்லை. ஸ்பேனர் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் நாற்றத்தைக் கவனிக்கவில்லை.

தெருவுக்கே வேண்டாதவனாகிவிட்ட,
உன் வீட்டுக்காரன்.


ஜூலை 27

என்னங்க,

துரியன் கடிதத்தையும் எல்லோருக்கும் படித்தேன். மரமேறி கீழே விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் துலக்கப் போனேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

பிடித்துப்போனால் நாற்றம் தெரியாதா? பேருந்தே காலியாகிற நாற்றம் மடியில் இருக்கிறவருக்குத் தெரியாதா?

கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் கடிதங்களை வரிசையாகப் பரப்பிப் படித்தேன். ஓர் இடத்திலும் வாசனை இல்லை. ‘வாசனையும் நல்லாருக்கு’ என்ற ஒரு வரியைத் தவிர. அந்த வரிதான் எனக்குப் பொய்யாகப் படுகிறது.

மகள் பிறந்த வருஷம் பால் தீய்ந்துபோயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால் பாத்திரம் கரியாகிக் கிடக்கிறது. நீங்கள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு திமிர் என்று நான்கு நாள் பேசவில்லை. அதற்கும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு வாசனை தெரியாதா? எப்போதிலிருந்து?

அடுப்புக் குழாயைத் தினமும் இரண்டு வேளை கையால் தொட்டுப் பார்த்து மூடுங்கள். ஜன்னல் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். காற்று வரட்டும்.

நான்.


ஆகஸ்ட் 5

உனக்கு,

அட்டையைக் கிழித்துவிட்டேன்.

தெரியாது. நம் கல்யாணமான இரண்டாம் வருஷத்து மழைக்காலத்திலிருந்து.

அப்போது ஒரு விடுதிக்காகப் பதினாறு சாப்பாட்டு மேசை வந்திருந்தது. ஈரக்காற்று பட்டால் வார்னிஷ் வெளுத்துவிடும், தூசி பட்டால் புள்ளி விழும். அதனால் பட்டறை ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிட்டு ஒன்பது நாள் வேலை செய்தேன். மேஸ்திரி வெளியிலிருந்து, ‘உயிரோட இருக்கியா?’ என்பார். ‘இருக்கேன்’ என்பேன். ஒன்பதாம் நாள் மேசையில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு நல்ல வேலை அது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நீ மீன் வைத்திருந்தாய். வாயில் வைத்தேன். உப்பு இருந்தது, காரம் இருந்தது, சூடு இருந்தது. மீன் இல்லை.

ஜலதோஷம் என்று நினைத்தேன். நீ கரண்டியோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ‘எப்படி இருக்கு?’ என்றாய். ‘நல்லாருக்கு’ என்றேன். உன் முகம் மலர்ந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு மாதம் போனால் சரியாகும் என்று இருந்தேன். ஆகவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். உனக்குத் தெரிந்தால் என்னிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதை நிறுத்திவிடுவாய். இரண்டும் பயம்தான். இரண்டாவதுதான் பெரிய பயம். ஒரு வருஷம் மறைத்ததை அடுத்த வருஷம் சொல்ல வாய் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. வருஷம் ஏற ஏற அது வார்னிஷ் மாதிரி, மேலே மேலே பூசிக் கெட்டியாகிவிட்டது.

கஞ்சி ஏன் என்று கேட்பாய். அந்த ஒன்பது நாளுக்கு முன்னால் நான் கடைசியாக வாசனையோடு சாப்பிட்டது உன் பருப்புக் கஞ்சியும் சுட்ட வெங்காயமும்தான். அதை வாயில் வைத்தால் மட்டும் வாசனை எங்கிருந்தோ ஞாபகமாக எழுந்து வரும். மற்றதெல்லாம் வெறும் சூடு. அதனால் அதையே கேட்டேன். பத்து வருஷம் அப்படி வந்தது. பிறகு மங்கிப் போயிற்று. எந்த நாளில் போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வேளை வந்துவிடும், அடுத்த வேளை வந்துவிடும் என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

காளானை நகர்த்தியது, அது என்ன என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதால். நீ அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தாய்.

இந்தக் கடிதத்தை ஒன்பது தடவை கிழித்துப்போட்டு எழுதினேன். வாயால் என்றால் ஆயுசுக்கும் ஆகியிருக்காது.

நான்.


ஆகஸ்ட் 24

(அஞ்சலட்டை)

மூன்று வியாழக்கிழமை போய்விட்டது. தபால்காரர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். ஜீப் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். குழாயை இரண்டு வேளையும் தொட்டுப் பார்க்கிறேன்.


செப்டம்பர் 2

வீட்டுக்காரருக்கு,

ஜீப் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் எழுத வரவில்லை. நான்கு தடவை எழுதி அடுப்பில் போட்டேன். நான்கும் வசவு. இது ஐந்தாவது.

உங்கள் மூக்கு போனதற்கு நான் அழுதேன். அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களோடு சேர்த்து என்னையும் முப்பத்தொன்பது வருஷம் ஷட்டருக்குள் வைத்தீர்களே, அதை என்ன செய்வது?

நீங்கள் கஞ்சியைத் தவிர எதையும் தொடாதபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கையில் ருசி செத்துப்போயிற்று என்று நினைத்தேன். மனுஷன் பாவம், சொல்ல மனசில்லாமல் ‘நல்லாருக்கு, நல்லாருக்கு’ என்கிறார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். மகள், ‘அம்மா, நீ செஞ்சது நல்லாருக்கு’ என்றால், அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று நினைத்தேன். இங்கே வந்த முதல் நாள் வௌவால் அம்மா தட்டை வழித்து நக்கினார். பசி போல, பாவம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான், பன்னிரண்டு பேரும் பொய் சொல்ல முடியாது என்று புரிந்தது. அறுபது வயதில். மரத்தின் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்து அரிசி களைந்தேன்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. ஆனால் உங்கள் கடிதங்கள் வருகிற வியாழக்கிழமை நான் ஜீப் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னோடு குடித்தனம் நடத்தியவரைவிட எனக்கு எழுதுகிறவர் நல்ல மனுஷராக இருக்கிறார். இவர் இத்தனை நாள் எங்கே இருந்தார்?

இத்துடன் ஒரு பெட்டி. சாமான் வாங்க நகரத்துக்கு வருகிற ஜீப் ஓட்டுநர் நேரே உங்கள் கையில் தருவார். மூக்கு வேண்டாத பொருளாக மரமேறியும் நானும் பத்து நாள் காட்டில் தேடி எடுத்தோம். பாசியில் பொதிந்திருக்கும் சிவப்புப் பழத்தை அன்றைக்கே சாப்பிட வேண்டும். நன்றாகச் சப்பி, நாக்கு முழுக்கப் படவிட்டு, பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கடியுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இனி எனக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் ‘நல்லாருக்கு’ என்ற வார்த்தை இருக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

நான்.


செப்டம்பர் 14

என் வீட்டுக்காரிக்கு,

பெட்டியிலிருந்த வழவழப்பான கிழங்கு பிடிக்கவில்லை. சுத்தமாகப் பிடிக்கவில்லை. நத்தை வாய்க்குள் வீடு தேடுகிற மாதிரி இருந்தது. இதை எழுதியதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. பிடிக்கவில்லை என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை, பார்.

மெழுகு மாதிரி இருந்த மரப்பிசினில் ஒன்றும் தெரியவில்லை. அதில் வாசனைதான் விஷயம் போல. மரமேறியிடம் கோபித்துக்கொள்ளாதே.

மஞ்சள் மொட்டு! அதை எங்கே பிடித்தாய்? சும்மா கடித்தேன். முதலில் சாது மாதிரி இருந்தது. பத்து எண்ணுவதற்குள் நாக்கின் நுனியில் ஒரு நடுக்கம். அது கிளம்பி உதட்டுக்கு, உதட்டிலிருந்து கன்னத்துக்கு, மழை தகரத்தில் விழுகிற மாதிரி படபடவென்று. எச்சில் ஊற்றெடுத்துக்கொண்டது. கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன், இருக்கிறதா என்று. இருந்தது. பால்காரருக்கு ஒன்று கொடுத்தேன். ‘அண்ணே, என் வாய்க்குள்ள யாரோ மிஷின் ஓட்டறாங்க’ என்று வகுப்பு முழுக்க ஓடினார். டீச்சரம்மா எங்கள் இருவரையும் வெளியே நிறுத்தினார். அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக வகுப்புக்கு வெளியே நின்றேன். எவ்வளவு சந்தோஷம்.

சிவப்புப் பழத்தை ஓட்டுநர் இருக்கும்போதே சாப்பிட்டேன். சுண்டுவிரல் நுனி அளவுதான். அதற்கென்று பெரிய ருசி இல்லை. நீ சொன்னபடி சப்பிவிட்டு எலுமிச்சையைக் கடித்தேன். முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்துக்கொண்டுதான் கடித்தேன்.

இனிப்பு. எலுமிச்சை இனிப்பு. என் நாக்குக்கு எலுமிச்சை என்றால் ஊசி. முப்பத்தொன்பது வருஷமாக அது மட்டும் மாறாமல் இருந்தது. அது இனித்தது. இன்னொரு துண்டு கடித்தேன், மறுபடியும் இனிப்பு. ஊறுகாய் இனித்தது. மோர் இனித்தது. வீட்டிலிருந்த புளிப்பையெல்லாம் தேடித் தேடித் தின்றேன். ஓட்டுநர், ‘ஐயா, வயிறு ஐயா, வயிறு’ என்கிறார். நான் கேட்கிற நிலையில் இல்லை. அறையே லேசாகிவிட்ட மாதிரி, நாற்காலி தரையில் படாமல் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு மணிநேரத்தில் எலுமிச்சை திரும்பவும் எலுமிச்சை ஆகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. போன எதுவும் இனி மாறாது என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். ஒரு மணிநேரம் மாறிற்று.

அதற்கப்புறம் இரண்டு நாள் வயிறு சரியில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ மரத்தின் பின்னால் நின்று அழுததை இரண்டு தடவை படித்தேன். உன் கையில் ருசி இருக்கிறது என்று நான் சொல்லவும் முடியாது, எனக்குத் தெரியாது. ஆனால் என் வாயில் இன்னும் என்னென்ன உயிரோடு இருக்கிறது என்று தேடிப் பத்து நாள் காட்டில் திரிந்தாய். அது எனக்குத் தெரியும்.

நீ விரட்டினாலும் எழுதிக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்.


செப்டம்பர் 26

என்னங்க,

‘பிடிக்கவில்லை’ என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வௌவால் கணக்கு இன்னும் இரண்டு வருஷம் நடக்குமாம். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுச் சமையலறைக்கு இனி நான் திரும்ப மாட்டேன். நீங்கள் கேட்காமலே இருந்த கேள்விக்கு இதுதான் பதில். வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் வௌவால் அம்மா, ‘அப்ப அவருக்கு எழுதறத நிறுத்திடுவீங்களா?’ என்றார். மரமேறி, ‘எதுக்கு எழுதணும்? ஆளையே வரச் சொல்லு. பாத்திரம் தேய்க்க ஆள் இல்லாம நான் செத்துக்கிட்டிருக்கேன்’ என்றாள். வௌவால் அம்மா சரி என்றுவிட்டார். தேய்ப்பது உங்களுக்குப் புதிதல்ல. தனிக் கூடாரம் கிடைக்கும். என் கூடாரத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

இங்கே கஞ்சி கிடையாது. நான் என்ன வைக்கிறேனோ அது. முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பொய் சொன்னால் தெரிந்துவிடும்.

வருவதானால் வியாழக்கிழமை. பேருந்து கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து ஜீப் வரும்.

நான்.


அக்டோபர் 10, வியாழன்

என் வீட்டுக்காரிக்கு,

கடைசி நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது பெட்டியின் தப்பு. கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிட்டேன். வீட்டுச் சாவி மாடி வீட்டு அம்மாவிடம். ‘நிம்மதியா போய்ட்டு வாங்க’ என்றார். நிம்மதி யாருக்கு என்று கேட்கவில்லை.

ஜீப் இன்னும் வரவில்லை. இங்கே ஒரு பெண் கூடையில் எதையோ இலையில் மடித்து விற்கிறாள். விரல் நீளம், பழுப்பு நிறம், சுட்டது. புழுவா, வேரா, காயா என்று தெரியவில்லை. வாங்கிக் கடித்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மாவாக உதிர்கிறது. நடுவில் ஒரு நரம்பு மட்டும் கசக்கிறது. அதற்குமேல் என் வாய்க்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. ‘ஏம்மா, இது என்ன வாசனைம்மா?’ என்றேன்.

‘கையிலதான இருக்கு, மோந்து பாருங்க.’

‘எனக்கு மூக்கு வேலை செய்யாதும்மா. நாப்பது வருஷமாச்சு. நீ சொல்லு.’

வாயைத் திறந்து ஒரு மனுஷரிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. பேருந்து நிறுத்தம் அப்படியே நின்றது.

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ‘இத்தன வருஷமா விக்கறேன், யாரும் கேட்டதில்ல, பாருங்க’ என்றாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். ‘மழை வரதுக்கு முன்னாடி மண்ணுலேர்ந்து கிளம்புமே, அது கொஞ்சம். அப்புறம்… தூங்கி எழுந்த கொழந்தை தலை இருக்குல்ல, அது.’

கையிலிருந்ததை மறுபடி கடித்தேன். மெதுவாக மென்றேன். வாசனை வரவில்லை. ஆனால் மழை வந்தது, குழந்தை வந்தது. நம் மகள் உன் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இன்னும் இரண்டை உனக்காக இலையில் வைத்திருக்கிறேன். அவள் சொன்னதையே நீயும் சொல்கிறாயா, வேறு ஏதாவது சொல்கிறாயா என்று கேட்க வேண்டும். இனி எது சாப்பிட்டாலும் உன்னிடம் கேட்பேன். எரிச்சல்பட்டாலும் கேட்பேன்.

மேட்டில் ஜீப் சத்தம் கேட்கிறது. இதைத் தபாலில் போட நேரம் இல்லை. நானே கொண்டுவந்து தருகிறேன். படித்துவிட்டு அப்புறம் பேசு.